மீன் ஒத்துக்கொள்ளவில்லையா, ஐஸ் போதவில்லையா?

ஒவ்வாமை பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: டாக்டர், போன மாதம் சூரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் எனக்கு, வீட்டுக்காரருக்கு, மாமியாருக்கு, மூன்று பேருக்கும் முகம் சிவந்து தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரிக்குள் அடங்கிவிட்டது. பயந்துபோய் லேபில் அலர்ஜி பேனல் எடுத்தேன். மொத்த ஐஜிஇ 640. மீன், இறால், கத்தரிக்காய், பால், கோதுமை எல்லாமே பாசிட்டிவ். இப்போது வீட்டில் மீனே வாங்குவதில்லை. பையனுக்கும் வந்துவிடக்கூடாது என்று பாலை நிறுத்திவிட்டேன். சரிதானா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் பையனுக்குப் பாலைக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, லேப் ரிப்போர்ட்டில் இல்லை. ஒரே வேளையில், ஒரே குழம்பில், மாமியாருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் சேர்ந்தாற்போல மீன் அலர்ஜி முளைத்தது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம், பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பே வெளிவிடுகிற அதே ஹிஸ்டமின்தான், இங்கே மீனோடு சேர்ந்து வயிற்றுக்குள் வருகிறது, அதனால் பார்க்க அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் ஃப்ரீசரில் போட்டாலும் ஒருமுறை உருவானது போகாது. மீன் நாறவேண்டும் என்றுகூட இல்லை. சிலருக்கு நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும், ஆனால் நம் ஊர்க் குழம்பின் காரத்தில் அதை யார் கண்டுபிடிப்பது!

ஆகவே மீனை விடவேண்டாம், வாங்கும் விதத்தை மாற்றுங்கள். பெட்டியில் மேலாக நாலு கட்டி வைத்திருக்கிறார்களா, மீன் ஐஸுக்குள் புதைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாத அந்த 61 நாளும் வெளியூர் மீன் நிறைய வரும், அப்போது கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பையை வண்டியில் மாட்டிக்கொண்டு காய்கறிக்கடை, மளிகைக்கடை என்று சுற்றாமல் நேரே வீட்டுக்குப் போங்கள்.

இப்போது அந்த ரிப்போர்ட். ஐஜிஇ என்பது அலர்ஜியில் வேலை செய்கிற ரத்தப் புரதம். அதன் மொத்த அளவு வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும், ஆஸ்துமா, கரப்பான் என்கிற தோல் நோய் இருந்தாலும் ஏறும், எதற்கு அலர்ஜி என்று அது சொல்லாது. தனித்தனி உணவுக்கு வருகிற பாசிட்டிவ், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கு அது அலர்ஜி ஆகாது. நீங்கள் இத்தனை வருடமாகப் பாலும் சப்பாத்தியும் சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தீர்கள்? எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் வந்தது, மறுபடி சாப்பிட்டபோதும் வந்ததா என்று கேட்டுவிட்டு, சந்தேகம் விழுகிற ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் எடுக்கவேண்டிய டெஸ்ட் அது. ஒரே ரத்தத்தில் ஐம்பது பொருளுக்குப் பார்ப்பது என் கணக்கில் காசுக்குப் பிடித்த கேடு. நல்ல மீன் சாப்பிட்டும் உங்களுக்கு மட்டும் இப்படி வந்தால் திரும்ப எழுதாதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. சின்ன வயதிலிருந்து இறால் சாப்பிடுகிறவன். போன வாரம் இறால் தொக்கு சாப்பிட்டுவிட்டு ஃபுட்பால் ஆடப் போனான். உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரி தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கி, மயங்கி உட்கார்ந்துவிட்டான். பக்கத்து கிளினிக்கில் அவில் ஊசி போட்டு அனுப்பினார்கள். இறாலில் குடல் நரம்பைச் சரியாக எடுக்காததால்தான் என்கிறாள் என் தங்கை. இனி செட்ரிசின் மாத்திரை கையில் இருந்தால் போதுமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது. உங்கள் மகனுக்கு வந்தது அனாஃபிலாக்சிஸ், அதாவது உடம்பு முழுவதையும் ஒரேயடியாகத் தாக்கும் கடும் ஒவ்வாமை, உயிரை எடுக்கக்கூடியது. அவிலும் செட்ரிசினும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்குகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் வரை, ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று. விலை அதிகமில்லாத மருந்துதான், ஆனாலும் போடத் தயங்குகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். வெளிநாட்டில் தானே குத்திக்கொள்ளும் பேனா மாதிரி ஊசி உண்டு, நம் ஊர் மருந்துக்கடையில் அது சுலபமாகக் கிடைக்காது. மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மறுபடி வந்தால் அவனைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரலாம், எழுந்து நடக்கவிடவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும்.

தங்கையிடம் சொல்லுங்கள், நரம்பு ஒரு பாவமும் செய்யவில்லை. காரணம் இறாலின் சதையிலேயே இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. நண்டு, சிங்கி இறாலிலும் கிட்டத்தட்ட அதே புரதம், ஏன், வீட்டுத் தூசியில் இருக்கும் சிற்றுண்ணியிலும் கரப்பான்பூச்சியிலும்கூட உண்டு. இத்தனை வருடம் சாப்பிட்டது காப்பாற்றாது. 1902-ல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் ரிஷே, கடல் உயிரியின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முதல் ஊசிக்குத் தப்பிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவுக்குச் செத்துப்போனது. இந்த ஆராய்ச்சிக்குத்தான் 1913-ல் நோபல் பரிசு.

இன்னொன்று, சிலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஓடியாடினால் மட்டுமே இப்படி வரும். உங்கள் மகன் அந்த ரகமா என்று அலர்ஜி டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், அதுவரை இறாலும் நண்டும் வேண்டாம். மீன் வேறு புரதம், இதுவரை ஒத்துக்கொண்டிருந்தால் சாப்பிடலாம், ஆனால் கடையில் இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த மீன் வேண்டாம்.

கேள்வி: முந்திரி உடைக்கும் வேலை செய்கிறேன். கையெல்லாம் கொப்புளம். ரத்த டெஸ்டில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். பருப்பு சாப்பிட்டால் எதுவும் ஆவதில்லை. மாங்காய் கடித்துத் தின்றால் மறுநாள் வாயைச் சுற்றி அரிக்கிறது.
- வாசகி, பண்ருட்டி அருகில்

பதில்: மறுநாள் என்று எழுதினீர்களே, அது போதும். இது ஐஜிஇ வழியாக வருவதில்லை, வெள்ளணுக்கள் நேரடியாகச் செய்கிற, ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிற ஒவ்வாமை. அதனால் அந்த ரத்த டெஸ்டில் தெரியாது. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலைச் சுடவும் சுடும், ஒவ்வாமையும் தரும். மாவும் சேராங்கொட்டையும் அதே குடும்பம், மாங்காய்ப் பாலும் தோலும்தான் உங்கள் வாயில் படுகிறது. தோல் நோய்ப் பிரிவில் முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் இருக்கிறது, ஜிப்மரில் கேட்டுப் பாருங்கள். வேலையில் பருத்திக் கையுறை மாட்டி அதற்கு மேல் நைட்ரைல் கையுறை போடுங்கள், எண்ணெய் உள்ளே இறங்கினால் உடனே மாற்றிவிடுங்கள். மாங்காயை வேறு யாராவது தோல் சீவித் தரட்டும்.

கேள்வி: காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து தினமும் போடுகிறேன். இப்போது அது இல்லாமல் தூக்கமே இல்லை.
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் மூக்கை இப்போது அடைப்பது பாதிக்கு மேல் அந்தச் சொட்டு மருந்தாகத்தான் இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைக்க ஆரம்பிக்கும். நிறுத்துங்கள், ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும். டாக்டரிடம் கேட்டு மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்ப்ரே வாங்கி, மூக்கின் நடுச்சுவரில் படாமல் காது பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். காலைத் தும்மலுக்குத் தூசிச் சிற்றுண்ணி காரணமாக இருக்கலாம், அதனால் தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை நன்றாகச் சூடான நீரில் துவையுங்கள்.