மறதியும் தள்ளாட்டமும் சோம்பலா?

கேள்வி: 63 வயதான என் கணவர், மூளையில் வந்த லிம்போமாப் புற்றுநோய்க்காக இரண்டு வருடங்களுக்கு முன்னர் மெதொட்ரெக்சேற் மருந்தும், அதன் பின்னர் தலை முழுவதற்கும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றார். புறக்கோட்டையில் கடைக் கணக்கு எழுதியவர், இப்போது தேங்காய்க்குக் கொடுத்த காசின் மிச்சத்தை எண்ண முடியாமல் நிற்கிறார். காலை உரசி உரசி நடக்கிறார். பிள்ளைகள் சோம்பல் என்கிறார்கள். சிகிச்சை மூளையைப் பழுதாக்கியிருக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பழுதாக்கியிருக்கக்கூடும், சகோதரி. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் மேலுறையையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கதிர்கள் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. மெதொட்ரெக்சேற்றும் இந்த நரம்பிழைகளாலான அதே வெண்பொருளையே தாக்குவதால், இரண்டும் சேரும்போது, அதிலும் 60 வயதைக் கடந்தவர்களிடம், பாதிப்பு மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்துத் தலைகாட்டுகிறது. கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு மருந்தைக் கொடுத்தால் ஆபத்து இன்னும் கூடும் என்பதால்தான் மருந்து முதலில் கொடுக்கப்படுகிறது. இப்போது பல வைத்தியர்கள் கதிரின் அளவைக் குறைக்கிறார்கள், அல்லது தவிர்த்தே விடுகிறார்கள். ஆனாலும், சிகிச்சையின்றி விட்டால் சில மாதங்களில் உயிரைப் பறிக்கும் நோய் அது. சம்மதித்துக் கையெழுத்திட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

இப்பாதிப்பில் நினைவு அழிவதைவிடச் சிந்தனையின் வேகம் குறைவதே பெரும்பாலும் முன்னுக்கு நிற்கும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணியபடி காத்திருங்கள். சரியான பதில் தாமதமாக வந்து சேருமானால், அதைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

இருப்பினும் எல்லாவற்றையும் கதிரின் தலையில் கட்டிவிடக் கூடாது. முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் கட்டி திரும்பவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். நடை தளர்வதோடு சிறுநீரும் அடங்காமல் போனால், மூளை அறைகளில் நீர் தேங்கியிருக்கலாம். அந்நீரை வடிக்கும் குழாய் பொருத்துவதால் சிலருக்கு நடை தேறுகிறது. தைரொயிட், பிட்யூட்டரிச் சுரப்பிகளின் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, வலிப்பு மருந்துகளின் மயக்கம் ஆகியவை திருத்தக்கூடியவை. வெண்பொருளின் சேதத்தை மீட்கும் மருந்து இல்லை. மெமன்ரீன் என்ற மாத்திரை, மூளையைக் காக்கக் கதிர்ச் சிகிச்சையின்போதே தொடங்கும் மருந்தாக ஆராயப்பட்டது. அதைப் பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பழைய ஸ்கேன் படங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, சிகிச்சை அளித்த கிளினிக்கில் நரம்பியல் வைத்தியருக்கான கடிதத்தைக் கேளுங்கள். கணவரைத் தனியே அனுப்பாதீர்கள். வைத்தியர் கேட்டால் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.