போன் உடைந்துவிட்டது, குறைந்த கட்டண ப்ரீபெய்ட் சிம்தான் இருக்கிறது. எந்த போன் வாங்கலாம்?

மாடல் பெயரைத் தேடுவதற்கு முன்னால், உங்கள் நெட்வொர்க் அந்த போனை ஏற்குமா என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு வெளிநாட்டு போனை வாங்கினேன். சிம் போட்டதும் இன்டர்நெட் பிரமாதமாக ஓடியது, ஆனால் யாருக்கும் கால் போகவில்லை. 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்இ வசதி அந்த மாடலுக்கு என் நெட்வொர்க்கில் கிடையாதாம். பழைய 2ஜி, 3ஜி சேவைகள் இரண்டும் இல்லாத நெட்வொர்க்குகளில் வோல்ட்இ இல்லாத போன், பேச முடியாத போன்தான்.

அதனால் *#06# அழுத்தி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, நெட்வொர்க்கின் தளத்தில் சரிபாருங்கள். தளத்தில் சரிபார்க்கும் வசதி இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். போன் வேறொரு நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி லாக் ஆகியிருக்கக் கூடாது. 700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைத் தாண்டி நன்றாக வரும். உங்கள் நெட்வொர்க் அவற்றைப் பயன்படுத்தினால் போனிலும் அவை இருக்கட்டும்.

சரி, அப்புறம் மற்றவை. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதை மறந்துவிடுங்கள். 128 ஜிபி சேமிப்பு இருந்தால் நல்லது, 64 சீக்கிரம் நிரம்பிவிடும். பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று கட்டாயம் பாருங்கள். சின்ன டேட்டா திட்டத்தில் 5ஜிக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது, என்னைக் கேட்டால், வீண்.

பழைய போன் இன்னும் உயிரோடு இருந்தால், சிம்மைக் கழற்றுமுன் வாட்ஸ்அப் பேக்கப் எடுத்துவிடுங்கள்.