கன்ட்ரி பாட்டு எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கிறது, அமெரிக்காவில் இருந்த தமிழர்கள் யாராவது நிஜமாகவே அதைக் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்கிறேன். ஒன்றரை வருடம், ஞாயிறு தவறாமல், நடுராத்திரியில்.

நீங்கள் அங்கே போய்ச் சில மாதம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆபீஸில் கூட வேலை செய்பவர் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது போட்டிருப்பார். லாரி, பீர், விட்டுவிட்டுப் போன பெண்டாட்டி. மூன்றாவது பாட்டில் உங்களுக்குத் தலை வலித்திருக்கும். உங்கள் மேல் தப்பில்லை. பாடுகிறவரை மட்டும் கேட்டால் அப்படித்தான் இருக்கும். எனக்கு அந்த இசை பாடகர்கள் வழியாக வரவில்லை, அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் வழியாக வந்தது.

1998. ஒய்-டூ-கே காலம். கென்டக்கியின் மேற்கு மூலையில், ஒஹாயோ ஆறும் டென்னஸி ஆறும் சேரும் இடத்தில் படூக்கா என்று ஒரு ஊர். அங்கே ஒரு ஆபீஸில் கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்கும் வேலை. மாற்றியதை ஓட்டிப் பார்க்க ஞாயிறு ராத்திரிதான் மெஷின் காலியாகக் கிடைக்கும். முடித்துவிட்டுக் கிளம்ப பதினொன்றரை ஆகும். அறை மர்ரேயில், நாற்பது மைலுக்கு மேல். அங்கே பல்கலைக்கழகம் இருப்பதால் நம் பையன்கள் இருந்தார்கள், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். என் கார் ஒரு கிழட்டு கரோலா. கேசட் பிளேயர் செத்துப்போயிருந்தது, எஃப்.எம். பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் ஏ.எம். மட்டும்.

அந்தப் பக்கம் புகையிலை ஊர். இலையறுப்பு முடிந்ததும் கொட்டகையில் இலையைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே மரத்தூளும் கட்டையும் போட்டு மூட்டம் போடுவார்கள். கூரை இடுக்கில் எல்லாம் புகை கசியும். முதல் தடவை பார்த்தபோது கொட்டகை பற்றி எரிகிறது என்று பயந்து, காரை ஓரம் கட்டிவிட்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ரேடியோ குமிழைத் திருப்பினேன். கோட்டுவாத்தியம் கேட்டது.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வீணை மாதிரி, ஆனால் மெட்டு இல்லாத வாத்தியம். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி வாசிப்பார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் படியே இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். அதே வழுக்கல். பத்து விநாடி கழித்துப் பின்னால் டிரம்ஸ் வந்ததும்தான் கென்டக்கிக்குத் திரும்பி வந்தேன்.

அது பெடல் ஸ்டீல் கிடார். நம் ஊர் தையல் மிஷின் மாதிரி, கால் வைத்த மேஜை. மேலே பொதுவாகப் பத்துக் கம்பி, சிலதில் அப்படி இரண்டு வரிசை. இடது கையில் உருண்டையான எஃகுத் துண்டு, பெயரே அதிலிருந்து வந்ததுதான். வலது கை விரல்களில் மீட்டுநகம். இடது கால் பெடல்களில், முட்டிகள் இரண்டும் பக்கத்து நெம்புகோல்களில், வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில். கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தால் அந்த ஒரு கம்பி மட்டும் சுருதி ஏறும், பக்கத்துக் கம்பி இருந்த இடத்திலேயே நிற்கும். ஒன்று ஏறி ஒன்று நிற்கிற அந்த இடத்தில்தான் அழுகிற மாதிரி இருக்கும். வெப் பியர்ஸ் என்ற பாடகரின் ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் இதைச் செய்தார். 1954-இல் அது வெளியாகி ஓடு ஓடென்று ஓடியதும், மற்ற ஸ்டீல் கிடார்காரர்கள் எல்லாரும் தங்கள் கிடாருக்குப் பெடல் கட்ட ஓடினார்கள்.

இதெல்லாம் அந்த ரேடியோ நிகழ்ச்சி சொல்லிக்கொடுத்தது. ஒரு மணி நேரம், ஸ்டீல் கிடார் மட்டும். நடத்தியவர் வயதானவர், பேச்சுக்கு நடுவே இருமுவார். பாட்டு யார் பாடியது என்று பெரும்பாலும் சொல்லவே மாட்டார். ஸ்டீல் யார், எந்த வருடம், ஈ-நைன்த் சுருதியா சி-சிக்ஸ்த் சுருதியா, அவ்வளவுதான். பட்டி எமன்ஸ் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறும். ரால்ஃப் மூனி வந்தால் 'கவனியுங்கள்' என்பார். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. நம் சினிமாப் பாட்டில் பாடகர் பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இடையிசையில் உயிரை எடுக்கிற அந்தப் புல்லாங்குழல் யாருடையது என்று எந்த ரேடியோவாவது எனக்குச் சொல்லியிருக்கிறதா?

ஆனால் முழு நிகழ்ச்சியும் கேட்கக் கிடைக்காது. ராத்திரியில் ஏ.எம். அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். நாஷ்வில் நகரத்தின் 650-ஆம் எண் ரேடியோ நிலையம் அப்படித்தான், 50,000 வாட், 1925-இலிருந்து 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற சனிக்கிழமைக் கன்ட்ரி கச்சேரியை ஊரெல்லாம் கேட்க வைத்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் பெரியவர்களுக்கு இடைஞ்சல் வராமல் சின்ன நிலையங்கள் பலவும் பொழுது சாய்ந்ததும் சக்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், சிலது மூடியே விட வேண்டும். என்னுடையது சின்ன நிலையம். வழியில் பென்டன் என்ற ஊர் தாண்டிச் சில மைலில் கரைந்துபோய், மேலே ஏதோ ஒரு பிரசங்கம் ஏறிக்கொள்ளும். அதனால் அந்த எல்லைக்கு முன்னால், மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திக் கேட்பேன்.

ஒரு ராத்திரி ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி வந்து கண்ணாடியைத் தட்டினார். டார்ச் என் மூஞ்சியில். இங்கே என்ன செய்கிறாய்? ரேடியோ கேட்கிறேன் சார். என்ன ரேடியோ? ஸ்டீல் கிடார். நம்பவில்லை, சத்தமாக வை என்றார். வைத்தேன். நேரம் பாருங்கள், சரியாக டயர் கடை விளம்பரம். அது முடிந்து மாட்டுத்தீவன விளம்பரம். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் காத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் கிடார் வந்தது. பாதிப் பாட்டு வரை நின்றார், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார், பின் விளக்கில் ஒன்று எரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சிலர் கிளம்புவீர்கள், தெரியும். "அது வெள்ளைக்காரப் பட்டிக்காட்டான் இசை, இனவெறி உண்டு" என்பீர்கள். அந்த வரலாற்றில் அழுக்கு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அதே நாஷ்வில் கச்சேரி மேடையின் முதல் கறுப்பின நட்சத்திரம் டிஃபோர்ட் பெய்லி. அவரை 1941-இல் வெளியே அனுப்பினார்கள். ஸ்டீல் கிடாரும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூகு என்ற பையன், 1889 வாக்கில், கம்பியின் மேல் இரும்பை வழுக்கவிட்டுப் பார்த்ததிலிருந்து வந்தது. அவனுக்கும் முன்னால் கேப்ரியல் டேவியன் என்ற இந்தியாவில் பிறந்த ஒருவர் அங்கே அப்படி வாசித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சுதான். உடனே 'எல்லாம் நம்மவன்தான்' என்று ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பொங்கல் விழாவில் கோட்டுவாத்தியம் மாதிரி இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சபா சபாவாகப் போய்க் கேட்ட ஒரு மாமா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "இருபத்தோரு கம்பி, கமகம், அது எங்கே, இந்த ஊளை எங்கே?" நான் இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை மாமா. அக்கா தங்கை மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னேன். இருபத்தைந்து வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன்.

ஊளை என்றதும் ஞாபகம் வருகிறது, என்னைக் கூட்டிப்போன கன்சல்டன்சி. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணிக்கு அறுபது டாலர் அங்கே வாங்கிக்கொண்டு எனக்கு இருபத்திரண்டு. நடுவில் ஆறு வாரம் வேலை இல்லாதபோது அதுவும் இல்லை. கேட்டால் "விசாவை நினைச்சுப் பாருங்க தம்பி". அந்த ஆறு வாரமும் அரிசியும் பருப்பும் மர்ரே பையன்கள் போட்டதுதான். அப்போதும் ஞாயிறு ராத்திரி மட்டும் பெட்ரோல் போட்டுக்கொண்டு அந்தப் பங்கு வரை போய்வந்தேன். பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும்.

அடுத்த தடவை உங்கள் நண்பர் காரில் போட்டால் பாடுகிறவரை விட்டுவிடுங்கள். வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்னால் ஒன்று வரும், அதைப் பிடியுங்கள். அதற்கப்புறமும் ஒரே மாதிரி இருந்தால் விட்டுத் தொலையுங்கள்.

என்னிடம் ஒரு மணி நேரம் கேசட்டில் இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. நடுவில் கூட வந்த பையன் "குக்கர அணைச்சோமா?" என்று கேட்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. டேப் ஓரிடத்தில் சுருண்டுபோயிருக்கிறது, இனி போட்டால் அறுந்துவிடும் என்று பயம். சென்னையில் கேசட் சரி செய்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாகிவிட்டது.