விமான நிலையச் சோதனையில் கைப்பையில் இருக்கும் பொருளை "இது கூடாது" என்று நிறுத்திவிட்டால், குப்பைத்தொட்டியில் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. ஆனால் அந்த நேரத்தில் விமானம் புறப்பட எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வழி திறந்திருக்கும். என் அம்மாவின் பாக்குவெட்டி தப்பிய கதையைச் சொல்கிறேன், விளங்கும்.

நான் பெங்களூரில் அல்சூரில் இருக்கிறேன். வேலை நிமித்தமாக மும்பைக்கும் டெல்லிக்கும் அடிக்கடி பறக்கிற ஆள். பெல்ட்டை எங்கே கழற்றுவது, லேப்டாப்பை எப்போது வெளியே எடுப்பது என்பதெல்லாம் கை தானாகச் செய்துவிடும். அந்தத் திமிரோடுதான் போன வருடம் அம்மாவை மதுரைக்கு விமானத்தில் கூட்டிப் போனேன். எங்களோடு ரெண்டு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறாள். வயது 74. சாப்பாடு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்வாள், வெற்றிலை பாக்கு தவறக் கூடாது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பொறுப்பாகக் கேட்டேன். "அம்மா, கைப்பையில கத்தி, கத்திரிக்கோல்னு எதுவும் இல்லையே?"

"நான் என்னடா, கொள்ளையடிக்கவா போறேன்?"

அத்தோடு விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு.

செக்யூரிட்டியில் என் ட்ரே ஒழுங்காக நேரே வந்தது. அம்மாவின் ட்ரே மட்டும் பாதி வழியில் பக்கத்துத் தடத்துக்குத் திரும்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. இந்தத் திருப்பம் தெரிந்தவர்களுக்கு வயிற்றில் லேசாக ஒரு கலக்கம் வரும். "யே பேக் கிஸ்கா ஹை?" (இந்தப் பை யாருடையது?) என்று சிஐஎஸ்எஃப், அதாவது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் கேட்டார். கையைத் தூக்கினேன். அவருக்கு முன்னால் இருந்த திரையை எட்டிப் பார்த்தேன். உணவு, துணி மாதிரியானவை எக்ஸ்ரேயில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலம். அம்மாவின் முறுக்கும் சேலையும் ஆரஞ்சுக் குவியலாகக் கிடக்க, நட்டநடுவில் கருநீலமாக ஒன்று ரெண்டு காலையும் அகட்டிக்கொண்டு படுத்திருந்தது.

பையைத் திறந்து, அதற்குள் இருந்த சுருக்குப்பையையும் திறந்தார். வாடிய வெற்றிலை நாலு, சுண்ணாம்பு டப்பா, கொட்டைப்பாக்கு, மடித்த காகிதத்தில் பழனி விபூதி, அப்புறம் அது. இரும்புப் பாக்குவெட்டி. பிடி ரெண்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அம்மாச்சி கொடுத்தது. அம்மாவுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவள் இடுப்பிலோ தலைமாட்டிலோதான்.

"மாஜி, யே க்யா ஹை?" (அம்மா, இது என்ன?)

அம்மாவுக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. விரலால் வெட்டிக் காட்டி, வாயை மென்று காட்டினாள். காவலர் முகம் மலர்ந்துவிட்டது. "அரே, சரோத்தா!" என்றார். அவர் வீட்டுப் பாட்டியிடமும் ஒன்று இருக்கிறதாம். அதைக் கையில் எடுத்து ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். சரி, விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. கூர்முனை, உலோகம், கேபினுக்குள் போகாது, அவ்வளவுதான். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்திப் போன பிறகுதான் நம் விமான நிலையங்களின் காவல் சிஐஎஸ்எஃப் கைக்கு வந்தது. முதலில் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர். பாட்டி ஞாபகம் வருகிறது என்பதற்காக அந்த வேலையில் இருப்பவர் வெட்டும் கருவியை உள்ளே விட முடியாது.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ரெண்டு தவறில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, வாதாடுவது. "போன தடவை விட்டார்களே!" போன தடவை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதே பொருள் பத்து தடவை தப்பியிருந்தாலும் பதினோராவது தடவை திரைக்கு முன் இருப்பவர் சொல்வதுதான் முடிவு. இன்னொன்று, பின்னால் வரிசை நிற்கிறதே என்ற கூச்சத்தில் "சரி, போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவது. மும்பையில் நான் அதைச் செய்திருக்கிறேன். சாவிக்கொத்தோடு அஞ்சு வருடம் தொங்கிய குட்டி மடக்குக்கத்தி, சுண்டுவிரல் நீளம்தான். அதை எத்தனையோ தடவை யாரும் பார்க்கவில்லை, அன்றைக்குப் பார்த்துவிட்டார்கள். பெட்டிகளை வாங்கும் விமான நிறுவனக் கவுண்டர் மூடியிருந்தது, அங்கே வைத்திருந்த குப்பைப் பெட்டிக்குள் போட்டேன். போர்டிங் ஆரம்பிக்க நேரம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதை செக்-இன் செய்துவிட்டு வரலாமா?" தாராளமாக என்றார். இப்படி நீங்களும் கேட்கலாம். பொருளைக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் திரும்பி விமான நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய், சரக்கறையில் போகும் பையாக அதை ஒப்படைக்க வேண்டும். ஆனால் உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னாலேயே அந்தக் கவுண்டரை மூடிவிடுவார்கள். எங்களுக்கு அப்போது ரெண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. என் சாமர்த்தியத்தால் இல்லை. அம்மாவுக்கு ரயில் பழக்கம். வைகை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து பழகியவள். ஹெப்பால் நெரிசலைப் பற்றி நான் என்ன கணக்குச் சொன்னாலும் காதில் வாங்காமல் விடியற்காலையிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

அம்மாவை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போகலாமா என்று பார்த்தேன். அவள் பாக்குவெட்டியைத் தனியே அனுப்பத் தயாராக இல்லை. ரெண்டு பேருமே திரும்பினோம்.

கவுண்டரில் இன்னொரு சிக்கல். தனிப் பொருளாக நீட்டினால் வாங்க மாட்டார்கள், ஏதாவது ஒரு பைக்குள் இருக்க வேண்டும். அம்மாவின் பெரிய பெட்டி ஏற்கெனவே பெல்ட்டில் போய்விட்டது. என்னிடம் இருந்தது லேப்டாப் பை மட்டும். கடைசியில் முறுக்கு டின் இருந்த ஜிப் வைத்த துணிப்பையை வெறுமையாக்கி, பாக்குவெட்டியை என் துண்டில் நாலு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்தோம். எடை அரைக் கிலோகூட வராது. அதற்கு ஒரு டேக் ஒட்டி, பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் மரியாதையோடு பெல்ட்டில் படுக்க வைத்தார் அந்தப் பெண். காசு எதுவும் கட்டவில்லை. என் டிக்கெட்டில் இருந்த 15 கிலோ செக்-இன் அளவை நான் தொடவே இல்லை, அது கைகொடுத்தது. அன்றிலிருந்து ரெண்டு பேராகப் போகும்போது ஒருவர் கணக்கைக் காலியாகவே வைத்திருப்பது என் வழக்கம்.

அந்தப் பெண் கன்னடத்துக்காரர். "இது அடகத்தரி அல்லவா!" என்று கன்னடத்தில் சிரித்தார். கன்னடத்தில் பாக்குவெட்டியின் பெயரே ஒரு வழக்குச்சொல்லும்கூட. ரெண்டு பக்கமும் நெருக்குகிற சிக்கலில் ஒருவர் மாட்டினால் 'அடகத்தரியில் சிக்கினார்' என்று செய்தித்தாளில் எழுதுவார்கள். நாம் இருதலைக்கொள்ளி எறும்பு என்போமே, அது. ஒரு பக்கம் சிஐஎஸ்எஃப், ஒரு பக்கம் அம்மா. அந்தச் சொல் எனக்கு அன்றைக்கு நன்றாகவே பொருந்தியது.

கவுண்டர் மூடியிருந்தால்? வழியனுப்ப வந்தவரோ டாக்ஸிக்காரரோ இன்னும் பக்கத்தில் இருக்கிறாரா என்று போன் போடலாம். டெர்மினலுக்குள் நுழைந்த பிறகு நீங்களாக வெளியே நடந்துவிட முடியாது, விமான நிறுவன ஊழியர் ஒருவர் துணைக்கு வர வேண்டியிருக்கும். போர்டிங் நெருங்கிவிட்டால் அதற்கும் வழியில்லை. பொருளா, பயணமா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டியதுதான். எரிச்சலில் "என்ன, பாம்ப் வச்சிருக்கேன்னா நினைக்கிறீங்க?" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவர்கள் விமானத்துக்குப் பதில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள்.

செக்-இன் பையில் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில்தான் வர வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பெட்டியை இறக்கி வைத்துவிடுவார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கிறது, சரக்கறையில் இல்லை. 100 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கி வைக்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி வேண்டாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-ஹவர்தான் வரும், கவலையில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களின் பையில் இன்னொரு கூட்டம் இருக்கும்: தீப்பெட்டி, கற்பூரம், கொப்பரை. மூன்றும் எந்தப் பையிலும் வேண்டாம். கொப்பரையில் எண்ணெய் அதிகம், குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறும் தன்மை அதற்கு உண்டு. சபரிமலை இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2024-25 மண்டல, மகரவிளக்குக் காலத்தில் 2025 ஜனவரி 20 வரை தனியாகச் சலுகை கொடுத்தார்கள். அதை நம்பி ஆடி மாதம் தேங்காயோடு போய் நிற்காதீர்கள். ஊறுகாய், மிளகாய்த்தூள், நெய் மூன்றையும் பெரிய பெட்டிக்கு அனுப்புங்கள். இட்லிப்பொடிக்குப் பெங்களூர் ஹோட்டல்களில் 'கன்பவுடர்', அதாவது வெடிமருந்து என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. விமான நிலையத்தில் அதை இட்லிப்பொடி என்றே சொல்லுங்கள்.

வெளிநாட்டு விமானம் என்றால் கைப்பையில் திரவத்துக்கு 100 மில்லி கணக்கு. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் அடைத்த திரவ வெடியால் தகர்க்கப் போட்ட திட்டம் பிடிபட்ட பிறகு வந்தது. பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே மிச்சமிருப்பதை இல்லை. 200 மில்லி டியூபில் அடியில் ஒட்டியிருக்கும் கிரீமும் போய்விடும்.

பொருள் போவதோடு முடியாத சிலவும் உண்டு. பழைய பையின் மூலையில் மறந்துபோன ஒரு துப்பாக்கித் தோட்டா, சேட்டிலைட் போன் போன்றவை கிடைத்தால் வழக்கு வரை போகும். இ-சிகரெட் 2019-லிருந்து நாட்டுக்குள்ளேயே தடை. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரும்ப என் தப்புக்கு வருகிறேன். நான் கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பாக்குவெட்டி அவளுக்கு வெற்றிலைப் பையின் ஒரு பகுதி, கத்தி என்ற சொல்லைக் கேட்டால் அது நினைவுக்கே வராது. தையல் வேலை செய்யும் அத்தைக்குக் கத்திரிக்கோலும், எலக்ட்ரீஷியன் மச்சானுக்குச் சட்டைப்பையில் செருகிய டெஸ்டரும் அப்படித்தான். அதனால் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைக்கிறோம். சைடு ஜிப்பையும் சேர்த்துத்தான், தீப்பெட்டி எப்போதும் அதில்தான் இருக்கும்.

மதுரையில் பெல்ட்டில் எல்லாப் பெட்டியும் வந்து முடிந்த பிறகு கடைசியாகத் துணிப்பை வந்தது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா துண்டைப் பிரித்து ஒரு பாக்கை வெட்டினாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், ஏதோ விமானத்தில் அதற்கு உடம்பு முடியாமல் போயிருக்கும் என்பதுபோல.

அடுத்த தடவை இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சிக்பேட்டையில் புதிதாக ஒன்று வாங்கி அல்சூர் வீட்டிலேயே வைத்தேன். அம்மா வந்தாள், பார்த்தாள், "பிடி சரியில்லடா" என்று ஒதுக்கிவிட்டு பெரிய பெட்டியின் அடியிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். புதியது இப்போது என் மனைவிக்கு முந்திரி உடைக்க உதவுகிறது.