காதலுக்கு அம்பும் இதயமும் மோதிரமும் சின்னங்களானது ஏன்?

காதல் சின்னம் என்பது, சொல்லுக்குள் அடங்காத உணர்வைக் கண்ணுக்குக் காட்டும் பொருள். பெரும்பாலும் அதன் பின்னால் உடல் உணர்ந்த ஓர் அனுபவமோ பழைய நம்பிக்கையோ இருக்கும்.

விரும்பியவரைக் கண்டதும் படபடப்பது நெஞ்சு என்பதால் இதயம் சின்னமானது. உணர்வின் இருப்பிடம் மூளையல்ல, இதயமே என்று அரிஸ்டாட்டிலும் கருதினார். சிவப்பு ரோஜாவும் புறாவும் கிரேக்கக் காதல் தெய்வமான அப்ரோடைட்டிக்கு உரியவை.

இவற்றுள் ஆழமானது அம்பு என்பேன். கிரேக்கர்களின் காதல் கடவுளான ஈராஸும் சரி, நம் மன்மதனும் சரி, வில்லோடுதான் வருகிறார்கள். மன்மதனுக்குக் கரும்பே வில், வண்டுகளின் வரிசையே நாண், ஐந்து மலர்களே கணைகள். இனிப்பும் மணமும் கொண்ட ஓர் ஆயுதம்! குடையில்லாத நேரத்தில் பிடித்துக்கொள்ளும் மழையைப் போல, காதல் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தைத்த பிறகுதான் தெரியும். இனிக்கும், வலிக்கவும் செய்யும். இத்தனையையும் அந்த ஒரு கணை சொல்லிவிடுகிறது.

மோதிரம் தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம். முடிவில்லாத பிணைப்பைக் குறிக்கிறது. மோதிர விரலிலிருந்து இதயத்துக்கு நேராக ஒரு தனி ரத்தக்குழாய் ஓடுகிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அது பழங்கால நம்பிக்கை மட்டுமே, எல்லா விரல்களின் ரத்தமும் ஒரே விதமாகத்தான் இதயத்துக்குத் திரும்புகிறது.