மறுமொழி: இட்லிக்குப் பின் 280-ஐத் தொடும் சர்க்கரை

வணக்கம். முதல் வகை நீரிழிவுள்ள உங்கள் மகளுக்கு, உண்ண அமரும்போதே ஊசி போட்டும், இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 280-ஐத் தொட்டு, நான்கு மணி நேரத்தில் 110-க்குத் திரும்புவதாக எழுதியிருந்தீர்கள். இறுதியில் இயல்புக்கு வந்துவிடுவதால், இன்சுலினின் அளவைவிட அதைச் செலுத்தும் நேரமே காரணமாக இருக்கக்கூடும். விரைவு இன்சுலின் வேலையைத் தொடங்கவே ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். ஆவியில் வெந்த மென்மையான இட்லியோ அந்த இன்சுலினின் வேலை உச்சத்தை எட்டுமுன் செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே, சர்க்கரை தாழ்ந்திராத காலைகளில் 15 நிமிடங்கள் முன்னதாக ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 280-ஐக் கண்ட பதற்றத்தில் மட்டும் உடனே கூடுதல் ஊசி போட்டுவிடாதீர்கள். முதல் ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையில் இரண்டாவதும் சேர்ந்தால், குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும் என்பதே என் பெரிய கவலை.