தலைக்குச் செலவு, வருமானத்தை மிஞ்சுவது ஏன்?

உங்கள் சுற்றுலா மாவட்டத்தில் ஆளுக்கு ஆகும் சராசரிச் செலவு, சராசரி வருமானத்தைவிட அதிகமாக வருகிறதே, கணக்கில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டலில் தப்பில்லை, வகுத்த ஆள்தொகைதான் பொருந்தவில்லை. தலைக்கு நுகர்வுச் செலவு வருமானத்தைத் தாண்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: வகுபடுவது கடைகளின் மொத்த விற்பனை, வகுப்பது குடியிருப்பவர் எண்ணிக்கை மட்டும். விடுதியில் இரண்டு நாள் தங்கிப் போனவரின் பில்லும் உள்ளூர்க்காரர் தலையில் விழுகிறது.

மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். சுற்றுலா சீசனில் மட்டும் எகிறினால் பெரும்பாலும் பயணிகள் செலவுதான். அப்புறம், குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். ஒருவர் எங்கே வாங்கினாலும், அந்தச் செலவு அவர் வசிக்கும் இடத்தின் கணக்கில்தான் அதில் சேரும்.

ஒன்று கவனம். ஓய்வூதியர் நிறைந்த ஊரில் சேமிப்பைக் கரைத்துச் செலவழிப்பார்கள். அங்கே இந்த மிஞ்சல் நிஜமாகவே இருக்கலாம். விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டாமல் வேறு மாவட்டத்தோடு ஒப்பிடவும் வேண்டாம், வாடகை ஒன்றே கணக்கைப் புரட்டிவிடும்.